எங்களிடம் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கடலோர ஊர்களின் மீனவப் பஞ்சாயத்துத் தலைவர்களான நாட்டார்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடலோரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை ஏறி வந்த நாட்களும் என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நோட்டுடன் வந்தவர்கள் என்ன போயிற்று என்றுதான் கேட்டார்கள். இருப்பதை யாரும் கேட்டதில்லை.

தானே 2011 டிசம்பர் 30 காலையில் கரையேறியது. அதன் பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லை. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும். பிரிக்காத பாட்டில்களைத் துணியில் சுற்றி, ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்திருந்தார்கள். நான் தினமும் போய்ப் பானையைத் தொட்டுப் பார்ப்பேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, நான்கு தெரு தள்ளி ஒரு மீன் வியாபாரி ஜெனரேட்டர் போட்டு ஐஸ் பெட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் மனம் நிறைந்து இடம் கொடுத்தார். (மருந்து ஐஸில் நேரடியாகப் படக் கூடாது, உறைந்தால் வீண். நடுவில் கனமான துணி வைத்தோம்.) அந்த நான்கு நாள் தவிப்புக்குக் காரணம் இல்லாமை அல்ல, தெரியாமை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

ஆட்சியர் அவர்களே, மண் அள்ளும் இயந்திரங்கள், மரம் அறுக்கும் இயந்திரங்கள், நிவாரண மையங்கள் பற்றிய பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருப்பதை அறிவேன். அது அவசியம்தான். ஆனால் சாலை துண்டிக்கப்பட்ட முதல் சில மணி நேரத்தில் 108 வண்டியும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். அப்போது உதவுவது பக்கத்துத் தெருதான். யார் வீட்டில் மாடி இருக்கிறது, எந்தக் கைபம்பில் உப்பு ஏறாத தண்ணீர் வருகிறது, டிராக்டர் யாரிடம், பிரசவம் பார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற செவிலியர் எங்கே, எந்த ஃபைபர் படகை உடனே இறக்கலாம் என்பதெல்லாம் ஊர் வரைபடமாக ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. கோயில் வாசலைப் பெருக்கிக் கோலமாவால் தெருக்களைப் போடலாம். வேப்பங்கொட்டை வைத்தால் குடிநீர், கூழாங்கல் வைத்தால் மாடி வீடு. ஆண்கள் ஒன்றும் பெண்கள் ஒன்றும் தனித்தனியாகப் போடட்டும். நான் பார்த்த வரையில் இரண்டும் ஒன்றாக இருந்ததே இல்லை. ஆண்கள் ஏலக்கூடத்தையும் டீக்கடையையும் குறிப்பார்கள். பெண்கள், மீன் வாங்கப் போகும் விடியற்கால இருட்டில் விளக்கு எரியாத குறுக்குத் தெருவையும், கூப்பிட்டால் கதவைத் திறக்கும் வீட்டையும் குறிப்பார்கள். நாட்டார்களே, உங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் பல ஊர்களில் இல்லை. இந்த ஒரு வேலைக்காவது அவர்களை முதலில் அழையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோயாளிகளின் பெயர்களைச் சுவரில் எழுதாதீர்கள். யாருக்குக் காசநோய், யார் கர்ப்பிணி என்பது செவிலியரின் பதிவேட்டோடு நிற்கட்டும். உதவக்கூடியவர்களின் பெயரையும் எண்ணையும்கூட அவர்கள் சம்மதித்த பிறகே எழுத வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகும் ஆண்களில் பலர் ஊரில் இருப்பார்கள், வடகிழக்குப் பருவமழைக்கும் நாள் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர் மூவரும் ஊருக்கு ஒரு நாள் வந்து உட்கார உத்தரவிடுங்கள். தரையில் போட்டதைத் தாளுக்கு மாற்றி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். டிராக்டரை விற்றிருப்பார்கள், செவிலியர் இறந்திருப்பார்.

எங்கள் ஊரில் தொடங்க ஒரு தேதியைச் சொல்லுங்கள். கோலமாவு நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்