டெஸ்ட்ல மாட்டின ரேஸ் குதிரை எல்லாமே ஊக்கமருந்து கேஸ் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரேஸ் குதிரை டெஸ்ட்ல மாட்டுச்சுன்னாலே 'ஊக்கமருந்து கொடுத்து ஓட்டினாங்க'ன்னு பேப்பர்ல தலைப்பு போட்டுடறாங்க, படிக்கிறப்ப மனசு கொதிக்குதுங்க. நான் ஓசூர் மத்திகிரிக்காரன், பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க வெள்ளைக்காரன் 1824லயே பண்ணை போட்ட ஊரு, எங்க பக்கத்துப் பசங்க சிலபேர் பெங்களூர் லாயத்துல சைஸ் வேலைக்கு, அதான் குதிரையப் பாத்துக்கற வேலைக்குப் போறாங்க, அதனாலதான் எழுதறேன்.

ரேஸ் முடிஞ்சதும் குதிரையத் தனி கொட்டடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, சைஸ் மெதுவா விசிலடிச்சுட்டே நிப்பான், அது மூத்திரம் விடறப்ப புடிச்சு ரெண்டு பாட்டில்ல பிரிச்சு சீல் வெச்சுடுவாங்க, முதல்ல பாத்ததுல மருந்து இருக்குன்னு வந்தா ரெண்டாவது பாட்டில பாக்கச் சொல்லிக் கேக்கலாம். சண்டை ஆரம்பிக்கிறதே அங்கதான்.

அமெரிக்காவுல 2021 கென்டக்கி டெர்பி ரேஸ்ல ஜெயிச்ச மெடினா ஸ்பிரிட் குதிரை ரத்தத்துல இருந்த பீட்டாமெத்தசோன்ங்கிற வீக்கம் அமுக்கற மருந்து மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம். ஒரு கிராம லட்சம் கோடியா பிரிச்சா ஒன்னுதான் ஒரு பிக்கோகிராம். ஊசி போடல, தோல் புண்ணுக்குக் களிம்புதான் தடவினோம்னு வாதாடிப் பாத்தாங்க, எப்படி உள்ள போனா என்ன, ரேஸ் அன்னைக்கு உடம்புல இருக்கக் கூடாதுன்னு 2022 பிப்ரவரில பட்டத்தப் பறிச்சு ரெண்டாவதா வந்த மாண்டலூன் குதிரைக்குக் கொடுத்துட்டாங்க. அது சரிதாங்க. வீக்கமும் வலியும் அமுங்கிப் போய் அரை டன் குதிரை அடிபட்ட கால்லயே முழு வேகத்துல ஓடினா, கால் உடையறப்ப மேல இருக்கிற ஜாக்கி உசுரும் சேர்ந்து போகும்.

ஆனா பரிசப் பறிக்கிறது வேற, ஆளக் குத்தவாளி ஆக்கறது வேற. 2014ல இங்கிலாந்து ராணியோட எஸ்டிமேட் குதிரை அஸ்காட் கோல்ட் கப்ல ரெண்டாவதா வந்துச்சு, டெஸ்ட்ல மார்ஃபின், அபின்ல இருந்து வர்ற வலி மருந்து! விசாரிச்சா தீவனத்துல அபின் செடியோட விதையான கசகசா கலந்திருக்கு. எடத்த எடுத்துட்டாங்க, டிரெய்னருக்கு தண்டனை கொடுக்கல. இங்க எங்களுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன, டெஸ்ட்ல புரோக்கெய்ன்ங்கிற மரத்துப் போக வைக்கிற மருந்து வந்துச்சுன்னதும் விசாரணைக்கு முன்னாடியே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. பென்சிலின் ஊசியோட சேர்ந்தே வர்ற மருந்துங்க அது, ஊசி போட்டு நாள் கணக்கா ஆனாலும் மூத்திரத்துல தெரியும், டாக்டர் போட்ட ஊசிக்கு, குதிரைக்குத் தண்ணி வைக்கிற சைஸ் என்ன பண்ணுவான்?

ஊசி போட்ட தேதியும் மருந்தும் எழுதி டாக்டர் கையெழுத்து வாங்கற நோட்டு ஒவ்வொரு லாயத்துலயும் கட்டாயம் இருக்கணும், விசாரணைல அத முதல்ல பாக்கணும். நீங்களும் அடுத்த தடவ செய்தி போடறப்ப என்ன மருந்து, எவ்வளவு, ரெண்டாவது பாட்டில் ரிசல்ட் வந்துச்சா இல்லையான்னு கேட்டுப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
மத்திகிரி வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்