நாகமலைப் பாறைகளில் ஒரு வாத்தியார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை நாகமலை அடிவாரத்தில் எங்களைப் போன்ற எத்தனையோ இளைஞர்களுக்குப் பாறையேற்றம் கற்றுக்கொடுத்த பெரியவர் சென்ற மாதம் காலமானார். தம் பெயர் பத்திரிகையில் வருவதை அவர் எந்நாளும் விரும்பியதில்லை என்பதால், நாங்கள் அழைத்தபடி வாத்தியார் என்றே இங்கும் எழுதுகிறேன்.

டென்சிங் நார்கே முதல் களப்பயிற்சி இயக்குநராக இருந்த, 1954-இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய அவர், இமயமலைக் கதைகளைச் சொல்லிக்கொண்டு காலம் கழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கயிற்றுப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையடிக்கு வந்துவிடுவார். சித்திரையில் எட்டு மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கி, வியர்வையில் விரல் வழுக்கும். அதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்.

புதிதாக வருபவரை அவர் உடனே ஏறவிட மாட்டார். வாரக்கணக்கில் கீழே நின்று, மேலே ஏறுபவருக்குக் கயிறு பிடிக்க வேண்டும். தன்னை நம்பி ஒருவர் ஏறும்போது கண்ணை எடுக்காமல் நிற்கப் பழகாதவருக்குப் பாறையைத் தொடும் தகுதியே இல்லை என்பது அவர் கொள்கை. பொதுவாக இளைஞர்களை உடல்வலிமையை வைத்தே அளக்கும் நம் ஊரில் இது அரிய பாடம் என்றே நான் கருதுகிறேன். கயிற்றில் 8 வடிவில் போடும் முடிச்சை அவரவரே போட்டாலும், துணைக்கு வந்தவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கால் எடுத்து வைக்கலாம்.

கயிறு விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பை இன்று ஏறுபவர்கள் அவசியம் அறிய வேண்டும். சாதாரணக் கயிறு, விழுபவரை ஒரே வெட்டாக இழுத்து நிறுத்துவதால் இடுப்பும் முதுகும் நொறுங்கக்கூடும். பாறையேற்றக் கயிறோ சற்று நீண்டு, விழும் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு முழுக் கயிற்றையும் சாண் சாணாக விரலிடையே ஓடவிடுவார். ஓரிடத்தில் கொஞ்சம் தொளதொளத்தாலும் அந்தக் கயிறு அன்றோடு சரி. யாரும் மீண்டும் எடுத்து ஏறிவிடக் கூடாது என்று அதைத் துண்டு துண்டாக வெட்டி, மாடு கட்ட அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுவார்.

பெண் பிள்ளைகள் வர வீட்டில் தயங்கியபோது, அவர்களுடைய அம்மாக்களையே மலையடிக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் சிகரம் தொட்ட செய்தியைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

அவரிடம் நான் மிகவும் மதித்தது, எங்கே ஏறக் கூடாது என்பதில் அவருக்கிருந்த தெளிவு. பார்த்ததும் ஏறத் தோன்றும் யானைமலையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும், அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் பொறித்த சமணச் சிற்பங்களும், பாண்டிய அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும் உள்ளன. அங்கும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் கயிற்றுப் பையைத் திறக்கவே அவர் விட்டதில்லை. லகுடு வல்லூறும் ராசாளிக் கழுகும் வாழும் அரிட்டாபட்டிக்கு எங்களைக் கூட்டிப்போனதெல்லாம் பறவை பார்க்கத்தான். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்கு நடந்து வந்த பேரணியில், மூட்டுவலியோடு அவரும் சிறிது தூரம் நடந்தார். அந்த மாதமே ஏலம் ரத்தானதில் அவருக்கு அளவற்ற நிம்மதி.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் போட்டியாகச் சேர்க்கப்பட்ட பிறகு இங்கும் ஆர்வம் பெருகுகிறது. முறையான இடம் இல்லையென்றால் அந்த ஆர்வம் தொன்மையான குன்றுகளின் மீதே போய் விழும் என்று வாத்தியார் கவலைப்பட்டார். ஒலிம்பிக் வேகப்போட்டிக்குத் தேவைப்படுவது 15 மீட்டர் உயரச் சுவர் ஒன்றுதான். அரசுப் பள்ளி மாணவர்கள் கட்டணமின்றிப் பயிற்சி பெறும் வகையில் மதுரையில் அத்தகைய செயற்கைச் சுவர் அமைக்க விளையாட்டுத் துறையும் மாவட்ட நிர்வாகமும் முன்வர வேண்டும். அங்கே கயிறு பிடிக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஊதியம் எதிர்பாராமல் வர அவருடைய மாணவர்கள் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாத்தியாரின் மாணவர்களில் ஒருவர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.