தளபதிக்கு ஏன் இந்த ஆசிரியர் பட்டம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்வி மலரில் இதழியல் படிப்புகளைப் பற்றி வந்த கட்டுரையின் நடுவே, ‘உலகின் முதல் இதழியல் ஆசிரியர் அமெரிக்கத் தளபதி ராபர்ட் ஈ. லீ’ என்று கட்டம் கட்டி, படமும் போட்டு வெளியிட்டிருந்தீர்கள். வெண்தாடியும் ராணுவ உடையுமாகப் படம் கம்பீரமாகவே இருந்தது. குறை சொல்ல வேண்டியது அந்த வரியைத்தான்.

லீ ஒரு நாளும் இதழியல் வகுப்பு எடுத்தவர் அல்லர் என்பது தாங்கள் அறியாததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று படை நடத்தியவர், 1865 ஏப்ரலில் சரணடைந்தார். அதே ஆண்டு, வர்ஜீனியாவின் லெக்சிங்டன் ஊரில் நொடித்துக் கிடந்த வாஷிங்டன் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். பத்திரிகைத் தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞர்கள் 50 பேர் வரை கட்டணமின்றிப் படிக்கலாம், அதற்கு ஈடாக நாள்தோறும் ஒரு மணி நேரம் அச்சுத் தொழிலில் உழைக்க வேண்டும் என்று 1869-இல் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மறு ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். 1878-இல் திட்டமும் கைவிடப்பட்டது. இதழியலுக்கென்றே ஒரு பள்ளி மிசௌரியில் 1908-இல்தான் எழுந்தது. அதை எழுப்பிய வால்டர் வில்லியம்ஸ் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவருடைய படத்துக்குத் தங்கள் மலரில் இடம் இல்லாமற் போனது, அவர் வாள் பிடிக்காத குற்றத்தால்தான் போலும்.

லீ சொன்ன அந்த ஒரு மணி நேரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நான் பணியாற்றிய கல்லூரியின் பின்கட்டில் கால்மிதி அச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. மாணவர்கள் இடக்கையில் கோப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் ஈய எழுத்துகளைத் தடவித் தடவி எடுத்துக் கோத்து, தாங்கள் எழுதிய செய்தியைத் தாங்களே அச்சேற்றினார்கள். ‘ன’ இருக்க வேண்டிய அறையில் ‘ண’ விழுந்து கிடந்தால் அன்றைய பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். அப்படிக் கோத்தவன் தேவையற்ற ஓர் அடைமொழியைச் சேர்க்கத் தயங்குவான் என்பதை ஆண்டுக்காண்டு கண்டிருக்கிறேன். பிறகு நிர்வாகம் அந்த இயந்திரத்தை எடைக்குப் போட்டது. அதே அறையின் வாசலில் ‘மீடியா லேப்’ என்ற பலகை தொங்கியது. உள்ளே பல காலம் நாற்காலிகள்கூட வரவில்லை. மணிக்கணக்குக் கூலிக்கு வரும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலையைப் பற்றித் தங்களுக்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவே இல்லை. தளபதிக்குக் கட்டம் கிடைக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. 1857-இல் லீயின் மாமனார் கஸ்டிஸ் இறந்தபோது, தம் அடிமைகளை ஐந்து ஆண்டுகளுக்குள் விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பு மருமகனுக்கு வந்தது. உடனே விடுதலை என்று நம்பியிருந்தவர்களை அவர் தொடர்ந்து வேலை வாங்கினார். வெஸ்லி நாரிஸ் என்பவரும் அவருடைய தங்கை மேரியும் உறவினர் ஒருவரும் தப்பியோடி, மேரிலாந்தில் பிடிபட்டார்கள். அவர்களுக்குக் கசையடி கொடுக்கப்பட்ட செய்தி 1859 ஜூனில் ‘நியூயார்க் டிரிப்யூன்’ இதழில் வெளிவந்தது. எப்படி வந்தது தெரியுமா, ஐயா? பெயர் வெளியிடாத வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதிய இரண்டு கடிதங்களாக வந்தது. டிரிப்யூன் தம்மைத் தாக்கியிருப்பதாகவும், தாம் அதற்குப் பதில் எழுதப்போவதில்லை என்றும் லீ தம் மகனுக்கு எழுதினார். ஆண்களுக்கு 50 கசையடி, தங்கைக்கு 20, பிறகு முதுகில் உப்புநீர் ஊற்றிக் கழுவும்படி உத்தரவு என்று 1866-இல் நாரிஸ் தம் வாயாலேயே சொன்னதும் அச்சில் வந்திருக்கிறது. இத்தனையும் பதிவில் இருக்க, இதழியல் மாணவனுக்கு நாம் காட்டும் முதல் முகம் இவருடையதா? கடிதம் எழுதிய அந்தப் பெயரில்லா வாசகர்களை அல்லவா முதல் வகுப்பில் அறிமுகப்படுத்த வேண்டும்?

இதே கட்டுரை, இந்தியாவில் இதழியல் கல்வி சுதந்திரத்துக்குப் பின் தொடங்கியதாகவும் போகிற போக்கில் சொல்கிறது. அன்னி பெசன்ட் 1920-இல் அடையாறில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இதழியல் பயிற்சி தொடங்கியதையும், 1941-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் பி.பி. சிங்கின் பொறுப்பில் தனித்துறை கண்டதையும் முன்னொரு மலருக்கே எழுதி அனுப்பினேன். என் கடிதத்தில் ‘தங்கள் மலர் அருமை’ என்ற வரி மட்டும் பிரசுரமாயிற்று. வெட்டியவரின் கைத்திறனை வியக்கிறேன்.

போர்வீரர் ஒருவர் இதழியல் கல்விக்கு உதவினார் என்றுதான் எழுத வேண்டுமென்றால், அதே போரில் எதிர்ப்பக்கம், வடமாநிலக் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னாளில் பத்திரிகை அதிபரான ஹங்கேரிய இளைஞன் ஜோசப் புலிட்சர் இருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1912-இல் திறக்கப்பட்டது. அவருக்கும் தாடி உண்டு. படம் எடுப்பாகவே இருக்கும்.

நான் கேட்பது பெரிதன்று. ‘லீ இதழியல் ஆசிரியர் அல்லர், 1869-இல் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை முன்மொழிந்த கல்லூரித் தலைவர்’ என்று அடுத்த மலரில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் குறுக்கெழுத்துப் போட்டி விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி. இக்கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால், பாராட்டு வரி எதுவும் இதில் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இதழியல் விரிவுரையாளர்,
திருச்சி