பூனை வீட்டுக்கு முதிய நாயைக் கொடுக்கும் முன்: சென்னையின் நாய் மீட்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வயதாகிவிட்டது என்று கைவிடப்பட்ட பொமரேனியன், பக், டாஷண்ட், ஷிட்சு நாய்களைத் தெருவிலிருந்து தூக்கி வந்து, வைத்தியம் பார்த்து, வீடு தேடித் தரும் குழுக்களுக்கு எழுதுகிறோம். உங்கள் தத்து அறிவிப்புகளில் வரும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்: “பூனைகளோடு நன்றாகப் பழகும்.” எப்படித் தெரியும் என்று கேட்டால், “காப்பகத்துல பூனைங்க சுத்துது, இவன் ஒண்ணும் பண்ணல” என்பதுதான் பெரும்பாலும் பதில். அதை நம்பி வீட்டுக்குப் போன நாய் பத்தாம் நாள் திரும்பி வருகிறது. இன்னொரு பக்கம், வீட்டில் பூனை இருக்கிறது என்று படிவத்தில் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஓரம் கட்டும் குழுக்களும் இருக்கின்றன. அதுவும் தப்புதான். ஓயாமல் துள்ளி பூனையை நிம்மதியாக இருக்க விடாத குட்டியைவிட, நாளில் முக்கால்வாசி தூங்கும் பத்து வயது பக் பூனை வீட்டுக்கு எவ்வளவோ மேல். பூனை வீட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. சோதித்து, எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதும்.

முதலில் சோதனை. காப்பகத்துக்கு வந்த முதல் வாரத்தில் எந்த நாயின் குணமும் வெளியே தெரியாது. புது இடத்தின் பயத்தில் அது உறைந்துபோய்க் கிடக்கும். அந்த அமைதியை சாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோ வலியோ இருந்தாலும், கருத்தடை அறுவை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தாலும் அப்படியே. ஒரு வாரம் கழியட்டும், ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்கட்டும். பிறகு மூன்று வெவ்வேறு நாட்களில் பாருங்கள்.

நாய்களைப் பார்த்துப் பழகிய, நிதானமான, வளர்ந்த பூனை வேண்டும். குட்டிப் பூனையை வைத்துச் சோதிக்கவே கூடாது. பூனைக்கு ஏறிக்கொள்ள உயரமான இடமும் வெளியேற வழியும் இருக்கட்டும். அதைக் கூண்டில் அடைத்தோ கையில் பிடித்தோ நாயின் முன்னால் நீட்டாதீர்கள். பூனை மிரளும், பிடித்தவர் கை கிழியும், நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாய்க்கு மார்புப் பட்டை போட்டு ஒருவர் பிடித்துக்கொள்ள, நான்கு மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். உட்கார்ந்திருக்கும் பூனையை நாய் சும்மா பார்ப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. துரத்தும் உணர்ச்சியைக் கிளப்புவது அசைவுதான். பூனை நடக்கும்போதும், குதித்து இறங்கும்போதும், ஓடும்போதும் நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். வாயை மூடி, காதை முன்னால் நிறுத்தி, உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் நின்றால் ஆபத்து. மூக்கருகே கோழித்துண்டைக் கொண்டுபோனாலும் திரும்பவில்லையென்றால் அந்த நாயைப் பூனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கூப்பிட்டதும் இரண்டு மூன்று விநாடியில் முகத்தைத் திருப்பி, உடம்பு தளர்ந்து, தரையை மோப்பம் பிடிக்கப் போனால் நல்ல அறிகுறி. குரைக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். எங்களுக்குச் சத்தமில்லாமல் முறைப்பதுதான் பெரிய கவலை.

டாஷண்ட், டெரியர் வகைகளில் இன்னும் கவனம் தேவை. வளைக்குள் புகுந்து வேட்டையாடவும் எலி பிடிக்கவும் வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. கால் வலி வந்த பிறகும் அந்தத் துடிப்பு போகாது. கண் மங்கிய, காது கேட்காத கிழ நாய்களோ இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும், பூனை இருப்பதே அவற்றுக்குத் தெரியாததால். வீட்டுக்குப் போனதும் தூங்கும் பூனை மேல் போய் இடிக்கும், அறை வாங்கும். அறிவிப்பில் அதை அப்படியே எழுதுங்கள்: “பார்வை குறைவு, பூனையைக் கவனிக்கவில்லை.” நாயை ஒப்படைக்க வரும் பழைய உரிமையாளரிடமும் “பூனையோட பழகுமா?” என்று கேட்டால் பழகும் என்றுதான் வரும். “ரோட்டுல பூனையைப் பார்த்தா என்னங்க பண்ணும்?” என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

அடுத்தது உடம்பு. வலியில் இருக்கும் நாயின் மேல் பூனை வந்து உரசினால் அது கடிக்கத்தான் செய்யும். சிறு இன முதிய நாய்களில் வாய் சுத்தமாக இருப்பது அரிது. ஈறு வீங்கி, பல் ஆடி, வாய் நாறும். பல்லைச் சுத்தம் செய்து, ஆடும் பற்களைப் பிடுங்கிய பிறகு குணமே மாறிப்போகும் நாய்கள் உண்டு. மயக்க மருந்து தாங்குமா என்று பார்க்க முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, கல்லீரல் அளவுகள் வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சகஜம் என்பதால் ரத்தத் தடவலும் பார்த்துவிடுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். நாய் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய, அதனால் தேதியைப் போட்டுக் கொடுங்கள். கருத்தடை செய்யாத கிழப் பெண் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதயக் கோளாறு இருக்கும் நாய்க்குத் தூங்கும்போது மூச்சை எண்ணிப் பார்க்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மருத்துவமனை. பொமரேனியனுக்குக் கழுத்துப் பட்டையே வேண்டாம். மூச்சுக்குழல் தொய்ந்த நாய் வாத்து கத்துவது போல இருமும், கழுத்தில் இழுத்தால் இன்னும் மோசமாகும்.

காப்பக இருமல் உள்ள நாயைப் பூனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த இருமலுக்குக் காரணமான போர்டெடெல்லா கிருமி பூனைக்கும் தொற்றும். பூஞ்சை வட்டச்சொறியும் அப்படித்தான். முடி, தூசி வழியே வீடெங்கும் பரவி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சந்தேகமிருந்தால் தோலைச் சுரண்டிச் சோதித்து, குணமான பிறகே அனுப்புங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போதாது. வீட்டுப் பூனைகளுக்கும் வெறிநோய், முக்கூட்டுத் தடுப்பூசி இரண்டும் போட்டிருக்கிறதா என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் நிறைவேற்ற முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தத்து கொடுக்கும் அன்று “உண்ணி இல்லாம அனுப்பறோம்” என்று நாயின் முதுகில் மருந்தைச் சொட்டி அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 50 சதவீதம் வரை இருக்கிறது. நாய்க்கு அது தீங்கில்லை. பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலோ, அதை நக்கினாலோ பூனைக்குக் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகும். உண்ணிக்கு முக்கிக் குளிப்பாட்டும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் கரைசல்களும் பூனைக்கு விஷம். பூனை வீட்டுக்குப் போகும் நாய்க்கு, வலிப்பு நோய் இல்லையென்றால், டாக்டரைக் கேட்டு வாய்வழி உண்ணி மாத்திரை கொடுங்கள். பெர்மெத்ரின் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? குறைந்தது மூன்று நாள் தள்ளி அனுப்புங்கள். எந்த மருந்து, எந்தத் தேதி என்று நாயோடு கொடுத்தனுப்பும் சீட்டில் எழுதுங்கள். “சொட்டு மருந்து போட்டாச்சு” என்று மட்டும் எழுதினால், நடுங்கும் பூனையைப் பார்க்கும் டாக்டருக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. பூனையின் மேல் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த வரியும் சீட்டில் இருக்கட்டும்.

பினாயிலும் இதே ரகம். புது நாய் கூடத்தில் சிறுநீர் கழித்ததும் நம் வீடுகளில் கை முதலில் போவது பினாயில் பாட்டிலுக்குத்தான். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அதிலுள்ள ஃபீனால் கேடு. சோப்புத் தண்ணீரும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவமும் போதும்.

வீட்டில் என்ன செய்வது என்பதையும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நாய் போய் இறங்குவதற்கு முன் அதற்கென்று ஓர் அறை தயாராக இருக்கட்டும். பூனையின் சாப்பாட்டுத் தட்டோ, அது மலஜலம் கழிக்கும் மணல் பெட்டியான லிட்டர் பாக்ஸோ இருக்கும் அறை அதற்கு ஆகாது. பால்கனிக்குப் புறா வலை அடித்தாகிவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நாய் துரத்தி, பூனை மூன்றாம் மாடியிலிருந்து குதிப்பது நடக்கவே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் மூன்று நான்கு நாள் கதவு மூடியே இருக்கட்டும். பிறகு நாய் படுத்த துண்டைப் பூனை இருக்கும் இடத்திலும், பூனையின் கன்னத்தைத் தடவிய துணியை நாயின் படுக்கையிலும் போடச் சொல்லுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்து, தினமும் தட்டைக் கொஞ்சம் கதவருகே நகர்த்தட்டும். பூனை சாப்பிட மறுத்தால் அன்று பின்வாங்க வேண்டும். இரண்டாம் வாரம் கதவுக்குப் பதில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்பு கேட். அதன் பிறகே ஒரே அறை. நாய் பட்டையில், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பூனைக்குப் பீரோ மேலோ பரண் மேலோ இடம் இருக்கட்டும். பல பூனைகள் இருந்தால் ஒவ்வொன்றாக, மிக நிதானமானதிலிருந்து தொடங்கட்டும். வீட்டில் ஆள் இல்லாதபோதும் இரவிலும் ஒரு மாதமாவது தனித்தனியே இருக்க வேண்டும். நாய் இருக்கும்போதே பூனை வாலைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து போகிறதென்றால் வேலை முடிந்தது. சில வீடுகளில் அதற்கு மூன்று மாதமும் ஆகும்.

அடிபடுவது எப்போதும் பூனைதான் என்ற நினைப்பு சிறு நாய்கள் விஷயத்தில் தப்பு. பக், ஷிட்சு போன்ற பிதுங்கிய கண் நாய்களுக்கு ஒரு நகக் கீறல் போதும், கருவிழியில் புண் வரும். அறிமுகத்துக்கு முன் பூனையின் நக முனைகளை வெட்டிவிடச் சொல்லுங்கள். நாய் ஒரு கண்ணைச் சுருக்கி, நீர் வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதில் தவறு நடப்பது வீட்டு மருந்துப் பெட்டியால்தான். ஏதோ ஒரு கண் சொட்டு மருந்து கிடக்கும், அதில் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழிப் புண்ணில் அது விழுந்தால் புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம் என்ற தகவலையும் சீட்டில் சேருங்கள். அந்த நேரத்தில் பதற்றத்தில் யாருக்கும் இடம் நினைவுக்கு வராது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நாள் முழுக்கத் தட்டில் பூனை உணவு கிடக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டும். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். அதைத் திருடித் தின்னும் கிழ நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். பூனை நாய் உணவையே தின்று வளர்ந்தால் டாரின் என்ற சத்து குறைந்து இதயமும் கண்ணும் கெடும். பூனைக்கு மேடை மேல், நாய்க்குத் தரையில், இருவேளை, அரை மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும். லிட்டர் பாக்ஸைக் குளியலறையில் வைத்து, பூனை மட்டும் நுழையும் அளவு திறந்திருக்கும்படி கதவுக்குக் கொக்கி போடுவது நல்லது. நாய்க்கு அந்தப் பெட்டி தின்பண்டக் கடை. கட்டியாகும் மணலையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும்.

பூனை பக்கத்து ஆபத்துகளையும் எழுதிக் கொடுங்கள். ஆண் பூனை பெட்டியில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் மூத்திரம் அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. பருமனான பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் ஒளிந்துகொண்டால் கல்லீரலில் கொழுப்பு படியலாம். இரண்டுமே புது நாய் வந்த மன அழுத்தத்தில் வரக்கூடியவை.

எந்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பதிலும் தயங்காதீர்கள். குட்டி போட்ட தாய்ப்பூனை இருக்கும் வீடு, சிறுநீரகக் கோளாறோடு மருந்தில் ஓடும் பூனை வீடு, ஏற்கெனவே கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனை வீடு, இவற்றுக்கு இப்போதைக்கு வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் கதவு திறந்த நேரம் ஓடிய கிழ நாய்க்குப் புது வீட்டின் வழி தெரியாது.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை முகாமில் கையெழுத்து வாங்கி அங்கேயே நாயைத் தூக்கிக் கொடுப்பதைப் பூனை வீடுகளுக்காவது நிறுத்துங்கள். முதல் 30 நாள் தற்காலிகப் பராமரிப்பு என்று எழுதி, மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபத்தொன்றாம் நாள் நீங்களே போன் செய்யுங்கள். “எப்படி இருக்கான்?” என்று கேட்டால் “நல்லா இருக்கான்” என்றுதான் பதில் வரும். பூனை நேற்று எங்கே படுத்தது, எவ்வளவு சாப்பிட்டது என்று கேளுங்கள். ஒத்துவராமல் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைத் திட்டாதீர்கள். உங்களிடம் வர வெட்கப்படுகிறவர் நாயை எங்காவது விட்டுவிடுவார். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவு பட்டினிக்கு வழிவிட்டுக் கைவிடுவதைக் குற்றம் என்கிறதுதான். ஆனால் உங்கள் படிவத்தில் அந்தப் பிரிவுக்கு மேலே, “30 நாளுக்குள் எந்நேரமும் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம்” என்ற வரி இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இப்படிக்கு,
பூனையும் நாயும் சேர்ந்திருக்கும் வீடுகளுக்கு முதிய நாய்களை அனுப்பிவரும் தன்னார்வலர்கள் சிலர்