நுரையீரல் முடிச்சுகள் எல்லாம் காசநோய் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு என் தமக்கையின் நுரையீரலில் எக்ஸ்ரே ஒரு முடிச்சைக் காட்டியபோது, சளியில் கிருமி எதுவும் தென்படாத நிலையிலும், காசநோய் மலிந்த நம் தென்னாப்பிரிக்காவில் எதிர்பார்க்கக்கூடியபடியே, காசநோய் மாத்திரைகளே முதலில் தரப்பட்டன. ஆறு மாதங்கள் கழிந்தும் முடிச்சு கரையவில்லை. அறுவைசிகிச்சையில் அகற்றி ஆராய்ந்த பிறகே, அது நிணநீர்த் திசு தீங்கின்றிப் பெருகுவதால் உண்டாகும் அரிய வகை முடிச்சு என்று தெரிந்தது.

முன்பு 'போலி லிம்ஃபோமா' (லிம்ஃபோமா என்பது நிணநீர்ப் புற்றுநோய்) எனப்பட்ட இந்த முடிச்சை, செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனை மட்டும் நம்பிப் புற்றுநோயிலிருந்து பிரித்தறிய இயலாது. இரண்டுமே அதில் ஒளிரக்கூடும். ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கும் பல நேரங்களில் போதுவதில்லை. பெருகியுள்ள பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ஒரே மூலச் செல்லின் வழிவந்தவையா (அது புற்றுநோயைச் சுட்டும்), பல மூலங்களைக் கொண்டவையா என்பதைச் சிறப்புச் சாயங்களாலும் மரபணுச் சோதனையாலும் ஆராய்ந்தே, மெதுவாக வளரும் மால்ட் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் அல்ல என்று நோய்க்குறியியல் வல்லுநர் உறுதிப்படுத்துகிறார். (இச்சோதனை எத்தனை பேருக்கு எட்டுகிறது என்பது வேறு கதை.)

அகற்றிய முடிச்சு மீண்டும் வருவது அரிது. ஆயினும் சி.டி. ஸ்கேன் கண்காணிப்பும், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய் போன்றவை உடனிருக்கின்றனவா என்ற பரிசோதனையும் தேவை. தமக்கை வீடு திரும்பியபோது அடுத்த ஸ்கேனுக்கான தேதியை எவரும் எழுதித் தரவில்லை. அந்தத் தேதியையும் திசு ஆய்வு அறிக்கையின் நகலையும் நோயாளியின் கையில் கொடுத்தனுப்புவதை மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்