நம் பயணிகள் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன ஏப்ரலில் இருந்து இந்த மார்ச் வரை நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவை எனக்கு அடுத்து பொருளாளர் படிப்பார், அதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் ஒருவர் என்னிடம், "மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து யார் எந்த ஃப்ளைட்டில் போனார், எந்த ரோடு நன்றாக இருக்கிறது என்று பேசுவதற்கு ஒரு சங்கமா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த அறிக்கைக்காக நம் நீல அட்டை நோட்டை எடுத்துப் பன்னிரண்டு மாதப் பேச்சையும் திரும்பப் படித்தபோது பதில் கிடைத்தது. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆண்டின் பெரிய செய்தி நம் ஊர் திருச்சி விமான நிலையம்தான். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புது முனையம் ஜூன் 11 முதல் பயணிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய கட்டடத்தில் ராத்திரி இரண்டு மூன்று வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால், பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆண்டுக்கு 44.5 லட்சம் பேர் வந்துபோகும்படி கட்டிய புது இடத்தில் அந்த நெரிசல் இல்லை. கோலமும் கோபுர வண்ணங்களும் சுவரில் இருப்பதைப் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து வந்த என் மகன் "ஊருக்கு வந்துட்டேம்மா" என்று போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் ஓடுபாதை நீளம் இன்னும் சுமார் 2,480 மீட்டர்தான். அது நீளாமல் பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு இங்கிருந்து கிளம்ப முடியாது. நிலம் எடுக்கும் வேலை முடியவேண்டும் என்று நாம் மனு கொடுத்தோம், இந்த ஆண்டும் கொடுப்போம்.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் பிழையால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோன நாள். நம் உறையூர் டீச்சர் அன்றைக்குப் பெங்களூரில் மாட்டிக்கொண்டார். ஆகஸ்ட் கூட்டத்துக்கு வரும்போது அந்த போர்டிங் பாஸைக் கொண்டுவந்திருந்தார். முழுக்கக் கையால் எழுதியது. பெயர், ஊர், ஸீட் நம்பர் எல்லாம் நீலப் பேனாவில், தேதியில் 19 என்பதை ஒரு தடவை அடித்துத் திருத்தியிருந்தார்கள். அந்தச் சீட்டு கைக்குக் கை மாறி மாடி முழுக்கச் சுற்றி வந்தது. அன்று வரிசையில் போனை மட்டும் நம்பி வந்தவர்கள் தவித்தார்கள் என்றும், டிக்கெட்டைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்ததால் தன் வேலை சீக்கிரம் முடிந்தது என்றும் அவர் சொன்னார். அதிலிருந்து நம்மில் பாதிப்பேர் பிஎன்ஆர் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைக்கிறோம்.

அக்டோபர் 11. ஆயுத பூஜை. வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்த சாயங்கால நேரம். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திரும்ப இறங்க முடியாமல் வானத்திலேயே சுற்றுகிறது என்று டிவியில் வந்தது. உள்ளே 141 பேர். அன்று நாம் பலர் மொட்டை மாடியில்தான் நின்றோம். இருட்டில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. சத்தம் நெருங்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா கைகூப்பினார். ஏன் உடனே இறக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர்தான் நம் போன் குழுவில் நிதானமாக விளக்கினார். கிளம்பும்போது டாங்க் நிறைய எரிபொருள் இருக்கும், அந்தக் கனத்தோடு தரையைத் தொடுவது ஆபத்து, இந்த வகை போயிங் 737 விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, அதனால் சுற்றிச் சுற்றி எரித்துத்தான் எடையைக் குறைக்கவேண்டும், அதாவது சுற்றுவது பயப்படவேண்டிய விஷயம் இல்லை, விமானி சரியாக வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். இரண்டரை மணி நேரம் போல ஆகி, எட்டே கால் வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. உறவினர்கள் உள்ளே இருந்த ஒரு குடும்பத்துக்கு நம் உறுப்பினர் ஒருவர் அந்த விளக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார், அதைக் கேட்டபிறகுதான் அந்தப் பெரியவர் தண்ணீரே குடித்தாராம். அந்த ராத்திரி நம் குழுவில் ஒருவர்கூட வதந்தியை அனுப்பவில்லை. அதற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 மதியம் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள். சென்னையில் மழை விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை பொங்கி அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலும் நின்றது. கே.கே.நகர் தம்பி ஒருவருக்கு மறுநாள் விடியற்காலை சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம், புது வேலையில் சேரும் தேதி வேறு நெருங்கிவிட்டது. வழக்கம்போல் ராத்திரி காரில் கிளம்பலாம் என்று இருந்தவரை, வழியில் லாரிகளுக்கு நடுவே மாட்டியிருந்த இன்னொரு உறுப்பினர் மத்தியானமே போன் பண்ணி நிறுத்தினார். குழுவில் கேட்ட பத்து நிமிடத்தில் அன்று சாயங்காலம் திருச்சி–சென்னை விமானத்தில் கடைசியாக இருந்த சில இருக்கைகளை ஒருவர் பார்த்துச் சொல்ல, தம்பி அதைப் பிடித்துவிட்டார். ஒன்றை இங்கே பதிவு செய்யவேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டும். அவருக்கு நடுவில் ஏழு மணி நேரம் இருந்தது. மூன்று மணி நேர இடைவெளியில் தனித்தனி டிக்கெட் போடுகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

சபரிமலைக்குப் போன நம் மூன்று பேருக்கும் இந்தத் தடவை சிக்கல் வரவில்லை. இருமுடிக்குள் இருக்கும் தேங்காயை விமானத்தில் கையோடு எடுத்துப்போக 2025 ஜனவரி 20 வரை அனுமதி இருந்தது. அது மாலை போட்டவர்களுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும். மகளுக்குக் குழம்புக்கென்று கொப்பரை கட்டி அனுப்புகிறவர்கள் அதை நம்பி ஏமாறவேண்டாம். கொப்பரை தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. அதைவிட முக்கியம் கசகசா. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கசகசா எடுத்துப்போகாதீர்கள், குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். பவர்பேங்க் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் ஹவர் வரும், வரம்பு 100, அதனால் கவலை இல்லை. ஆனால் பெட்டியில் போட்டால் பெயரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது.

உரிமைகள் பற்றி செப்டம்பரில் பேசியது நமக்கு நிறையப் பயன்பட்டது. உள்நாட்டு விமானம், பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள், தாமதம் இரண்டு மணிக்கு மேல் என்றால் சாப்பாடோ சிற்றுண்டியோ தரவேண்டும். தாமதம் ஆறு மணியைத் தாண்டினால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். நேரத்துக்கு வந்து நின்ற பயணியை, இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றதால் ஏற்றாமல் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானமும் தராவிட்டால் நஷ்ட ஈடு உண்டு, தாமதத்தைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை. ஸ்ரீரங்கத்து அக்கா ஒருவர் டிசம்பரில் கவுண்டரில் போய் நின்று இதை மரியாதையாக எடுத்துச் சொன்னார், கால் மணி நேரத்தில் அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் உப்புமாவும் தண்ணீரும் வந்தது. நான் கோட்டைவிட்டதையும் சொல்கிறேன். டில்லியிலிருந்து வந்த என் பெட்டியின் சக்கரம் உடைந்திருந்தது, ராத்திரி அசதியில் அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், மறுநாள் கேட்டபோது, உள்ளேயே புகார்ச் சீட்டு எழுதாமல் போனதால் முடியாது என்றார்கள். பெல்ட்டிலிருந்து எடுத்த கையோடு பெட்டியை ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள், உடைந்திருந்தால் அந்தச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அதே ராத்திரிதான் இன்னொன்றும் நடந்தது, அது பெட்டியைவிடப் பெரிய விஷயம். பதினொன்றரைக்குச் சென்னையில் இறங்கி, ரூம் போடாமல் நானும் என் வீட்டுக்காரரும் காரில் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை வரை அவர் ஓட்டினார், அப்புறம் நான். வேப்பூர் தாண்டியது நினைவிருக்கிறது. தொழுதூர் பக்கம் என் கண் எப்போது மூடியது என்று தெரியவில்லை. இடதுபக்க டயர் தார் ரோட்டைவிட்டு இறங்கிக் கடகடவென்று சத்தம் கேட்டது, அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பத்தடிக்கு முன்னால் பழுதாகி நின்ற ஒரு லாரி, பின்னால் விளக்கு இல்லை, யாரோ ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் பம்பரில் செருகியிருந்தார்கள். அந்த இலை என் ஹெட்லைட்டில் அசைந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரம்பலூரில் டீக்கடை வாசலில் விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஒருவர் அல்ல, ஐந்து பேர் தங்களுக்கும் இப்படி நடந்ததாகச் சொன்னார்கள், அதுவரை வீட்டில்கூடச் சொல்லாதவர்கள். அன்று போட்ட தீர்மானத்தை மறுபடி படிக்கிறேன்: ராத்திரி பத்து மணிக்கு மேல் விமானத்தில் இறங்கும் உறுப்பினர் நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரத்துக்கு அன்றே கார் ஓட்டக்கூடாது. சென்னையில் வீடு உள்ள நான்கு உறுப்பினர்கள் தங்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை ஒன்பது தடவை அப்படித் தங்கியிருக்கிறோம். என்ன கூச்சம் இருந்தாலும் போன் பண்ணுங்கள்.

சேர்ந்து போன நெடும்பயணம் இரண்டு. மே மாதம் கொடைக்கானல். மே 7இல் இ-பாஸ் கட்டாயமானது, நாங்கள் போனது அதற்கு அடுத்த வாரம், ஐந்து கார்களுக்கும் முதல்நாளே எடுத்திருந்ததால் வத்தலக்குண்டு வழியில் நிற்கவே இல்லை. இறங்கும்போது ஒரு காரில் பிரேக் கருகிய வாசனை வந்தது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வதை அந்தக் காரை ஓட்டிய தம்பி அன்றைக்குத்தான் நேரில் புரிந்துகொண்டார். ஜனவரியில் தனுஷ்கோடி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, பக்கத்தில் 1914இன் பழைய ரயில் பாலத்தையும் திறப்புக்குக் காத்திருந்த புதியதையும் ஒன்றாகப் பார்த்தோம். கப்பல் போக அப்படியே மேலே எழும்பும் அந்தப் பகுதி மட்டும் 72 மீட்டருக்கு மேல். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி அந்தப் புதிய பாலம் திறந்தாகிவிட்டது, அடுத்த தடவை ரயிலில் போகலாம் என்று பலர் கேட்கிறார்கள், ஏற்பாடு செய்கிறேன்.

விமானத்தில் பறந்து மைல் புள்ளி சேர்ப்பவர்களுக்கு ஒரு வரி. விஸ்தாரா விமான நிறுவனம் நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பழைய புள்ளிகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் கணக்குக்கு மாற்றப்பட்டன. கணக்கில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இனிஷியலால் இருவருக்குத் தகராறு ஆனது.

கடைசியாக, 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் வந்திருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர், அக்கா குடும்பத்தைப் பார்க்க இதுவரை கொழும்பு வரை பறந்து அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர், அடுத்த வியாழக்கிழமை அதில் போகிறார். எத்தனை கிலோ விட்டார்கள், இமிகிரேஷனில் எவ்வளவு நேரம் ஆனது, பலாலி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக வண்டி எப்படி என்று எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் அவருக்காக இரண்டு பக்கம் விட்டுவைத்திருக்கிறேன்.

நன்றி.
செயலாளர்