கிரீன்வே கட்டிய நகரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. சிட்னியில் மகன் வீட்டில் நானும் சுகம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் ரயிலேறி நகரத்துக்குப் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்த்து வருகிறேன். நம் தொழில் புத்தி விடுமா?

அப்படித்தான் பிரான்சிஸ் கிரீன்வே என்ற மனுஷனைப் பிடித்துக்கொண்டேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துக்காரர், பரம்பரையே கட்டட வேலை. தொழில் நொடித்துத் திவாலானார். ஒரு வீட்டு ஒப்பந்தத்தில் கூடுதலாக 250 பவுண்டு தர உரிமையாளர் சம்மதித்ததாகப் பொய்யாக எழுதிச் சேர்த்தார். 1812-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு. பிறகு அதைக் குறைத்து 14 ஆண்டு நாடுகடத்தலாக மாற்றினார்கள்.

அவர் வந்த 'ஜெனரல் ஹெவிட்' கப்பலில் 34 கைதிகள் வழியிலேயே செத்துப்போனார்கள். 1814 பிப்ரவரியில் சிட்னியில் கால் வைத்தார். ஜோசப் லைசெட் என்ற ஓவியரும் அதே கப்பல்தான். அவர் கள்ள நோட்டு அடித்தவர், இங்கே வந்தும் விடவில்லை. மறு வருஷமே பிடிபட்டு நியூகாசில் சுரங்க ஊருக்கு அனுப்பப்பட்டார். கிரீன்வேயின் மனைவி மேரி மூன்று பிள்ளைகளோடு ஜூலையில் வந்து சேர்ந்தாள். திரும்பிப் போவோமா என்று தெரியாத கடல் பயணம். அவளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் படிக்க ஆசை.

அப்போது சிட்னி, இங்கிலாந்து தன் கைதிகளை அனுப்பிய குடியேற்றம். அதன் கவர்னர் மக்குவாரிக்கு ஊரைக் கட்ட ஆள் வேண்டும். 1816-இல் தினக்கூலி 3 ஷில்லிங்குக்கு ஒரு கைதியை அரசுக் கட்டடக் கலைஞராக நியமித்தார். முதல் பெரிய வேலை துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கம். கிடைத்த மணற்கல் மிருது, தாங்காது என்று கிரீன்வே எச்சரித்தார். வேறு கல் இல்லை, கட்டினார்கள். சில வருஷத்திலேயே இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டியதாயிற்று. 1883-இல் பக்கத்திலேயே புதுக் கோபுரம் எழுப்பியபோது அவர் வடிவத்தையே பின்பற்றினார்கள். அந்த ஒரு செய்திக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றியது.

கலங்கரை விளக்கம் கட்டி முடிந்ததும் கிரீன்வேக்கு நிபந்தனையோடு மன்னிப்பு, 1819-இல் ஹைட் பார்க் கைதிகள் விடுதி திறந்தபோது முழு மன்னிப்பு. அந்த விடுதியைப் போய்ப் பார்த்தேன். செங்கல் மூன்று மாடி, அலங்காரமே கிடையாது. ஜன்னல்களின் அளவும் இடைவெளியும் அப்படி ஒரு கணக்கு! கண்ணை எடுக்க முடியவில்லை. கட்டியவர்களும் கைதிகள், படுத்தவர்களும் கைதிகள். எதிரே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். முதலில் நீதிமன்றமாகத் தொடங்கியது, பாதியில் மாற்றியும் குறை தெரியவில்லை.

லண்டனிலிருந்து விசாரிக்க வந்த பிக் என்ற அதிகாரி, கைதிகளின் ஊருக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று எழுதினார். கிரீன்வேயும் லேசுப்பட்டவர் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே 11,000 பவுண்டு கட்டணம் கேட்டு, ஆதரித்த மக்குவாரியையே பகைத்துக்கொண்டார். மக்குவாரி பதவி விட்டுப் போனதும் 1822-இல் வேலை போயிற்று. 1837-இல் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்த இடத்துக்கு அடையாளக் கல்கூடக் கிடையாது. 1966-இல் வந்த 10 டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தார்கள், தெரியுமா? எனக்கு அதைவிட அந்தச் செங்கல் சுவர்தான் பெரிய மரியாதையாகப் படுகிறது.

பிக் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இருநூறு வருஷம் நிற்கிற கட்டடத்துக்குச் செலவழித்தது எப்படி ஆடம்பரம் ஆகும்? எஸ்டிமேட் போட்டே தலை நரைத்தவன் நீ, ஆடிட் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதியே பழகியவன். படங்களை மகனிடம் சொல்லி அனுப்புகிறேன். பார்த்துவிட்டு உன் கட்சி எது என்று எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்